பாலத்தின் அடிப்பக்கம்

ஆலோசனைக்கு வந்த ஜப்பான் கம்பெனி
அலுவலகத்தில் விட்டுப்போனது ஒரு காலண்டர்.
பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பாலம்,
மரத்தில் வெட்டி மையொற்றி எடுத்த படங்கள்.
வருஷம் முடிந்தும்
ஜூனைத் தாண்டி யாரும் புரட்டவில்லை.

ஜூனில் மழை.
சாய்த்துக் கிழித்த கோடுகளாக மழை.
புத்தம்புது இரும்புப் பாலம், ஆணி ஆணியாக எண்ணலாம்.
முனையில் காஸ் விளக்கு, தந்திக் கம்பி,
ஆளிழுக்கும் ரிக்‌ஷா ஒன்று விரைந்துகொண்டு.
குடைபிடித்த ஒருத்தி மட்டும் நடுவில் நின்று
கீழே பார்க்கிறாள்.
எதை என்று படத்தில் இல்லை.
வானத்துச் சிவப்பு ஒரு நூலளவு விலகி
அவள் குடையோரம் வழிந்திருக்கிறது,
அச்சுக்காரனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.
ஆற்று நீலத்தை உற்றுப் பார்த்தால்
பலகையின் ரேகை ஓடுகிறது.
தண்ணீருக்கென்று தனியாக அலை வெட்டவில்லை,
மரம் தன் வயதையே கொடுத்துவிட்டது.

எனக்குச் சுத்தியல் வேலை.
இடிக்கப்போகிற பாலத்தையும் ஒருமுறை
தட்டிக் கேட்டு எழுதவேண்டும்,
எங்கே கெட்டி, எங்கே பொள்ளல்.
இந்த வாரம் பாளையங்கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம்.
மேலே நாலுவழிச் சாலைக்கு மஞ்சள் கோடு போட்டாயிற்று.
கல்வெட்டு இல்லை. கட்டிய வருஷம் ஃபைலிலும் இல்லை.

முழங்கால் தண்ணீரில்
ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு நுழைந்து
டார்ச் அடித்தேன்.
தலைக்கு ஒரு முழம் மேலே
மரம்.

மரமில்லை, கான்கிரீட்.
ஆனால் ரேகை ரேகையாக, கணுவும் சுழியுமாக,
பலகைக்கும் பலகைக்கும் நடுவே பிதுங்கிய வரம்போடு,
அடித்த ஆணித்தலைகூட வட்டமாக.
சென்ட்ரிங் பலகையைப் பிரித்துக் கொண்டுபோயிருப்பார்கள்.
அது அடுப்பில் எரிந்திருக்கும்,
இல்லை வேறொரு பாலத்துக்குக் கீழே படுத்திருக்கும்.
ஈரச் சிமெண்டு மனப்பாடம் செய்துவிட்டது.

வடக்கு ஓரத்தில் எழுத்து.
பலகையில் எவனோ உளியால் தோண்டியது
இங்கே புடைத்து நிற்கிறது, இடவலம் மாறி.
என்ன மொழியென்றே முதலில் பிடிபடவில்லை.
இடமிருந்து இரண்டாவதாக ஒரு ப மட்டும் தெரிந்தது.
ப-வை எந்தப் பக்கம் திருப்பினாலும் ப-தான்.

சுத்தியலை இடுப்பில் செருகிக் குனிந்தேன்.
பாசி, ஒரு ஷாம்பூ உறை,
அதற்கு நடுவில், தண்ணீரில், நேராக,
மூன்று புள்ளிகளும் சரியாக வைத்து:
தங்கபுஷ்பம்.

கால்வாய்க்குத் தண்ணீர் திறந்த நாளிலெல்லாம்
இதை வாசித்தபடிதான் போயிருக்கிறது
மேலப்பாளையத்து வயல்களுக்கு.

விரிசலுக்குக் குறிபோடும் நீலப் பெயிண்ட் இருந்தது.
கந்தலில் தொட்டு எழுத்தின்மேல் ஒற்றினேன்.
மே மாதம் எப்போதோ கழன்று
என் நோட்டுக்கு அட்டையாகியிருந்தது;
அதன் வெள்ளைப் பின்பக்கத்தை
அண்ணாந்து இரண்டு கையாலும் அழுத்தி,
டிபன்பாக்ஸ் மூடியால் தேய்த்து, மெல்ல
உரித்தேன்.
ஷ் கலங்கிவிட்டது.
மற்றதெல்லாம் இருந்தது. பெயரைச் சுற்றி
மரரேகை, ஜூன் மாதத்து ஆறுபோல.

அறிக்கையில் எழுதினேன்:
'வடக்கு ஓரம், கெட்டி.'

கரையேறி டீக்கடையில் தாளை விரித்துக் கேட்டேன்.
கடைக்காரம்மா கண்ணைச் சுருக்கினாள்.
"இந்தத் தெருவுலயே மூணு தங்கபுஷ்பம்.
எந்தத் தங்கபுஷ்பத்தக் கேக்கிய?
நானும் ஒருத்திதான்."
பெயிண்ட் காயவில்லை. விரலில் ஒட்டியதை
முந்தியில் துடைத்தாள்.
யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை.
எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

பாலைக் கொதிக்க விட்டுவிட்டு
பாலத்துக்கு நடந்தாள்.
லாரி ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.
நடுவில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்து,
கீழே பார்த்தாள்.

மேலேயிருந்து பார்த்தால் தெரியாது என்று
நான் சொல்லவில்லை.